மணல்முனை நோக்கி ஒரு மிதிவண்டிப் பயணம்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கே, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நடுப்பாகத்தில், குன்றுகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே அமைந்த சிற்றூர் ஸ்டர்பிரிட்ஜ். பழங்கால நாட்டுப்புற வாழ்வைக் கண்முன் நிறுத்தும் திறந்தவெளிக் காட்சியகம் ஒன்று 1946 முதல் அங்கே உண்டு. 1830களில் கொல்லன் எவ்வாறு இரும்பைக் காய்ச்சினான், உழவன் எவ்வாறு நிலத்தைப் பண்படுத்தினான் என்பதையெல்லாம் அங்கே செய்துகாட்டுவர். அதனைக் காணவே ஆண்டு முழுதும் மக்கள் வருவதுண்டு. ஆனால் ஆகஸ்ட் மாதத்து முதல் வாரயிறுதியில், சனிக்கிழமை வைகறையில், அவ்வூரில் திரளும் கூட்டம் பழமையைக் காண வந்த கூட்டமன்று. பொழுது புலருமுன்பே ஒரே வண்ணச் சட்டையணிந்த ஆடவரும் பெண்டிரும் தத்தம் மிதிவண்டிகளைப் பிடித்தபடி நிற்பர். சிலருடைய சட்டையின் முதுகில் ஒரு பெயர் எழுதியிருக்கும். சிலருடைய முதுகில் ஒரு நிழற்படம் குத்தப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் இறந்துபோன ஒருவருடைய படமாயிருக்கும். ஐந்தரை மணியளவில் அத்தனை சக்கரங்களும் ஒருங்கே உருளத் தொடங்கும்.

இவர்கள் போகும் இடம் கிழக்கே, அட்லாண்டிக் மாகடலுக்குள் வளைந்து நீண்டிருக்கும் காட் முனையின் கடைக்கோடி. பிராவின்ஸ்டவுன் என்னும் கடற்கரை ஊர். தொலைவு ஏறத்தாழ 190 மைல். சென்னையில் ஏறி அமர்ந்தவர் இரண்டு பகலில் திருச்சியை நெருங்குவதற்கு ஒப்பாகும் என்று கொள்ளலாம். ‘பான்–மாஸ் சாலஞ்ச்’ என்பது இந்நிகழ்ச்சியின் பெயர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் அறைகூவல் என்பது அதன் பொருள். இது பந்தயமன்று. முதலில் வந்தவருக்குக் கோப்பை கிடையாது. கடைசியில் வந்தவருக்கு வெட்கமும் கிடையாது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் நிதி திரட்டுவது ஒன்றே நோக்கம்.

தொடங்கிய வரலாறு எளியது. பில்லி ஸ்டார் என்ற இளைஞர் 1974இல் தம் அன்னையைத் தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அன்னைக்கு அப்போது வயது 49. உறவினர் வேறு சிலரையும் அந்நோய் கொண்டுசென்றது. துயரத்தை ஆற்றிக்கொள்ளச் சிலர் கோயிலில் அமர்ந்திருப்பர், சிலர் மலையேறுவர். ஸ்டார் உடலை வருத்தும் பயணங்களில் ஆறுதல் தேடியவர். 1980இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரை மிதிவண்டியில் சென்றார். சென்றவர்கள் 36 பேர். அவர்கள் உற்றார் உறவினரிடம் கேட்டுத் திரட்டிய தொகை 10,200 டாலர். அதனைப் பாஸ்டன் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அளித்தனர்.

36 பேரோடு தொடங்கியது இன்று ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மிதிவண்டி மிதிக்கும் நிகழ்ச்சியாக வளர்ந்திருக்கிறது. நீர் ஊற்றவும், உணவு பரிமாறவும், பழுது பார்க்கவும், சாலைச் சந்திப்புகளில் நின்று வழிகாட்டவும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் முன்வருகின்றனர். 2024இல் மட்டும் திரண்ட தொகை 7 கோடியே 50 இலட்சம் டாலர். அவ்வாண்டோடு, தொடக்கமுதல் திரட்டிய மொத்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பெருந்தொற்று நிலவிய 2020இல் சாலையில் கூட்டமாகச் செல்ல இயலவில்லை. அப்போதும் அவரவர் தத்தம் ஊரில், தத்தம் வசதிப்படி வண்டி மிதித்தே 5 கோடி டாலர் சேர்த்தனர் என்பது வியப்புக்குரியது.

எல்லோருக்கும் ஒரு வழி

190 மைல் என்றதும் வாசகர் பலர் மலைத்திருப்பர். அத்தனை தொலைவு எல்லோராலும் ஆகக்கூடியதன்று என்பதை அமைப்பாளரும் அறிவர். ஆகவே காலப்போக்கில் ஒரு வழி பல வழிகளாகக் கிளைத்தது. இரண்டு நாள் முழுவதும் செல்வோர் ஒருபுறம். பாஸ்டனுக்கு அருகிலுள்ள வெல்லஸ்லி என்னும் ஊரில் தொடங்கி, குன்றுகள் குறைந்த பாதையில் எண்பது மைலளவில் முதல் நாளை முடிப்போர் இன்னொருபுறம். வெல்லஸ்லியிலேயே புறப்பட்டு, ஐம்பது மைலளவு சுற்றி, மாலைக்குள் புறப்பட்ட இடத்திற்கே திரும்புவோரும் உண்டு. 25 மைலோடு நிறுத்திக்கொள்ளும் வழியும் உண்டு. இவ்வாறு பத்துக்கும் மேற்பட்ட வழிகள். சிறுவர்களுக்கென்று வேறு நாட்களில் ஊர்தோறும் சிறு ஓட்டங்கள் நடத்துகிறார்கள். அவற்றில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் மழலைகளுக்கும் இடமுண்டு.

வழி குறுகியதாயின் மதிப்பும் குறைவு என்று இங்கே எவரும் கருதுவதில்லை. மருந்து உட்கொண்டவாறே வருபவர், அறுவைச் சிகிச்சை முடிந்து சில திங்களே ஆனவர், எழுபது வயதைக் கடந்த பாட்டனார் ஆகியோருக்கு 25 மைல் என்பது மற்றவருடைய 190 மைலுக்குச் சற்றும் இளைத்ததன்று. ஒருவேளை அதனினும் நீண்டதாகவும் இருக்கலாம்.

ஸ்டர்பிரிட்ஜிலிருந்து புறப்படுவோருக்கு முதல் முப்பது மைல் சோதனைக் களம். ஏற்றம் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஏற்றம் தென்படும். ஓக் மரங்களும் மேப்பிள் மரங்களும் இருபுறமும் கவிந்த சாலை. நிலத்தை உழுதபோது அகப்பட்ட கற்களை அடுக்கிப் பண்டைய உழவர் எழுப்பிய மதில்கள். நடுநடுவே வெள்ளைக் கோபுரத்தோடு மரத்தாலான தேவாலயங்கள். நியூ இங்கிலாந்து எனப்படும் அப்பகுதி முழுவதற்கும் உரிய காட்சி இது. முதல் இளைப்பாறுமிடமான விட்டின்ஸ்வில் ஒரு காலத்தில் பஞ்சாலைப் பொறிகள் செய்வதில் உலகப் புகழ்பெற்ற தொழிலூர். செங்கல்லால் கட்டிய பழைய தொழிற்கூடம் இன்றும் அங்கே நிற்கிறது.

அடுத்து வரும் ஃபிராங்க்ளின் நகரைப் பற்றி ஒரு சுவையான செய்தி. நாட்டின் பெருந்தலைவருள் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பெயரை அவ்வூரார் 1778இல் தம் ஊருக்குச் சூட்டிக்கொண்டனர். பெயர் வைத்த உரிமையில், தேவாலயக் கோபுரத்திற்கு ஒரு மணி வாங்கித் தருமாறு அவரிடம் வேண்டினர். அவரோ ஓசையைக் காட்டிலும் அறிவு மேல் என்று கருதி, மணிக்குப் பதிலாக 116 நூல்களை அனுப்பிவைத்தார். அவற்றை ஊரார் அனைவரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று 1790இல் ஊர்ப்பேரவை தீர்மானித்தது. அமெரிக்காவின் முதல் பொது நூலகம் இதுவே என்று அந்நகர் பெருமை கொள்கிறது. மணிக்காக நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதிய அனுபவமுள்ள நம் பங்குப் பேரவையினர், இப்படியொரு பதில் வந்தால் என்ன செய்திருப்பர் என்று எண்ணிப் பார்த்துச் சிரிக்கலாம்.

பின்னர் ரெஹோபோத். பெயரைக் கேட்டதும் விவிலியம் அறிந்தோர் தலைநிமிர்வர். ஈசாக்கின் ஊழியர் தோண்டிய கிணறுகளுக்காக அண்டை நிலத்தார் வழக்கிட்டனர். இறுதியில் எவரும் வழக்கிடாத கிணறு ஒன்று வாய்த்தபோது, ஆண்டவர் நமக்கு அகன்ற இடம் தந்தார் என்று சொல்லி ஈசாக்கு அதற்கு இட்ட பெயர் அது. 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர் அதனையே தம் ஊருக்கு வைத்தனர். இப்பகுதியிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் நண்பகல் உணவு. பசியோடு வரும் ஆயிரக்கணக்கானோருக்கு உணவளிக்கும் அப்பள்ளி, அன்று ஒரு நாள், பெயருக்கேற்ற அகன்ற இடமாகிவிடுகிறது.

இப்பயணத்தில் அறியத் தகுந்த காட்சி ஒன்றுண்டு. பாஸ்டன் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும், விருப்பமிருந்தால், மிதிவண்டிக் குழு ஒன்றைத் துணையாக இணைத்துவைக்கிறார்கள். குழுவினர் ஆண்டு முழுவதும் அக்குழந்தையோடு நட்புப் பாராட்டுகின்றனர். பயண நாளில், இளைப்பாறுமிடம் ஒன்றை நெருங்கும்போது, சாலையோரம் முழுதும் அக்குழந்தைகளின் பெரிய படங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். முடியிழந்த தலையோடு சிரிக்கும் முகங்கள். அடுத்து, இளைப்பாறுமிடத்தில், அதே குழந்தைகளுள் வரக்கூடியோர் பெற்றோரோடு வந்து நின்று தங்கள் குழுவினரை வரவேற்பர். அதுவரை கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர், அந்தப் படங்களைக் கடந்தபின் அதைப்பற்றிப் பேசுவது அரிது.

ஜிம்மியும், ஒரு சென்னை மாணவரும்

திரளும் பணம் டானா–ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ‘ஜிம்மி நிதி’க்குச் செல்கிறது. அந்நிதியின் ஆண்டு வருவாயில் பாதிக்கு மேல் இப்பயணத்தால் கிடைப்பதே. யார் இந்த ஜிம்மி?

சிட்னி ஃபார்பர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் மருத்துவர். இறந்த குழந்தைகளின் உடலை ஆய்ந்து நோயின் காரணத்தைக் குறித்துவைப்பது அவர் தொழில். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில திங்களிலோ இறப்பது உறுதி என்றிருந்த காலம் அது. மருத்துவர் கைவிரித்துவிடுவர். ஃபார்பர் இறந்தோரை விட்டு உயிரோடிருப்போர் பக்கம் திரும்பினார். 1947இன் இறுதியில், அமினாப்டெரின் என்னும் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948 ஜூன் மாதம் அவர் வெளியிட்ட அறிக்கையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று எழுதினார். தணிந்த நோய் மீண்டது, குழந்தைகள் பிழைக்கவில்லை. ஆயினும் மருந்தினால் அந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது முதன்முறையாகப் புலனாயிற்று. இன்று, வசதி மிக்க நாடுகளில், குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயின் பெருவகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர்.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் நம் நாட்டுக்கே வந்து சேர்வோம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெருமாட்டி 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழைத் தாய்மார் கருவுற்ற காலத்தில் கடுமையான சோகை நோயால் வாடுவதை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு ஒன்று அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த உயிர்ச்சத்து பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. குருதி அணுக்கள் பெருக அது இன்றியமையாதது. அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தி அறுவைக் கூடத்திற்குச் சென்றதால் ஆசிரியர் ஒருவரின் மனக்கசப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த சான்றிதழையே பெற்றார். இரு சகோதரர்களை வெப்பநாட்டு வயிற்றுநோய் ஒன்றுக்குச் சில நாள் இடைவெளியில் இழந்தவர். 1920களில் பாஸ்டன் சென்று, பிழைப்புக்காக மருத்துவமனையொன்றில் கடைநிலை இரவு ஊழியராக இருந்துகொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். உடலின் ஆற்றல் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதை விளக்கும் கண்டுபிடிப்புகளில் அவருக்குப் பெரும்பங்குண்டு. நிலையான பதவி அங்கே கிட்டவில்லை. 1940இல் லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். தம் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு ஃபோலிக் அமிலம் மருந்தாவதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.

ஃபோலிக் அமிலம் இரத்தப் புற்றுநோயைத் தணிப்பதற்குப் பதிலாக விரைவுபடுத்துவது போலத் தோன்றியதை ஃபார்பர் கண்டார். அப்படியானால் அதன் வடிவில் அமைந்து, அதன் வேலையைத் தடுத்து நிறுத்தும் பொருளொன்று இருந்தால்? அத்தகைய பொருள்களைச் சுப்பாராவின் குழு செய்துகொடுத்தது. அமினாப்டெரின் அவற்றுள் ஒன்று. ஃபார்பரின் அறிக்கை வெளிவந்த இரண்டாம் மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். வயது 53. தாயகத்தை மீண்டும் அவர் காணவில்லை. அமினாப்டெரினின் தங்கை போன்ற மெதோட்ரெக்சேட் மருந்து இன்றும் உலகெங்கும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் வழங்கப்படுகிறது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் மருந்துப் பெட்டியில் அது இருக்கிறது. செய்தவர் பெயர்தான் எவர் நாவிலும் இல்லை.

இனி ஜிம்மி. 1948 மே 22ஆம் நாள், நாடெங்கும் கேட்கப்பட்ட வானொலி நிகழ்ச்சியொன்றில், பாஸ்டன் மருத்துவமனையில் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனோடு அறிவிப்பாளர் உரையாடினார். அடையாளம் தெரியாதிருக்க அவனுக்கு ‘ஜிம்மி’ என்று பெயரிட்டனர். அவன் விரும்பிய பேஸ்பால் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக அவன் அறைக்குள் நுழைந்தனர். வீரர்களின் ஆட்டத்தைப் படுக்கையிலிருந்தே காண அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்க உதவுமாறு நேயர்களை வேண்டினர். வந்து குவிந்த பணமோ இரண்டு இலட்சம் டாலருக்கு மேல். தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தது. குழந்தைகளுக்கான புற்றுநோய் நிதியும் பிறந்தது.

அந்தச் சிறுவன் எப்போதோ இறந்திருப்பான் என்றே உலகம் எண்ணியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், அவர் வெளிப்பட்டார். மெய்ன் மாநிலத்து உழவர் குடும்பத்தைச் சேர்ந்த ஐனார் குஸ்டாஃப்சன். வயிற்றுப் புற்றிலிருந்து பிழைத்து, லாரி ஓட்டிப் பிழைப்பு நடத்தி, மணமுடித்து, பிள்ளைகள் பெற்று வாழ்ந்திருந்தார். அவர் பேரில் கோடிக்கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருந்த காலமெல்லாம், அவர் சத்தமின்றிச் சுமையேற்றிக்கொண்டிருந்தார். 2001இல், 65ஆம் வயதில் மறைந்தார்.

பணத்தைப் பற்றிச் சில சொற்கள்

ரெஹோபோத்திற்கு அப்பால் நிலம் தாழ்ந்து சமவெளியாகிறது. லேக்வில், வேரம் ஆகிய ஊர்களை நோக்கிச் செல்கையில் சாலையின் இருபுறமும் நம் நெல்வயல்போல் வரப்பு கட்டிய சதுப்புப் பாத்திகள் தென்படும். கிரான்பெரி என்னும் சிவந்த புளிப்புப் பழம் விளையும் நிலங்கள் அவை. இலையுதிர் காலத்தில் பாத்திக்குள் நீரைப் பாய்ச்சி, மிதக்கும் பழங்களை ஒதுக்கி அள்ளுவர். அப்போது வயல் முழுதும் செந்நிறப் பாய் விரித்ததுபோல் இருக்கும். ஆகஸ்டில் காய் பழுத்திராது.

மாலையில் போர்ன் என்னும் இடத்தை அடைகின்றனர். 1891இல் நிறுவிய மாலுமிப் பயிற்சிக் கல்லூரி ஒன்று அங்கே கடலோரத்தில் உள்ளது. மாணவர் விடுதிகளிலும் கூடாரங்களிலும் இரவைக் கழிக்கலாம். கால் பிசைந்துவிட ஆட்கள், கொட்டகையில் உணவு, இசை எனத் திருவிழாக் கோலம். அங்கே ஒரு வேளையில், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களும் ஒன்றாகக் கூடுவர். ‘உயிர்ச்சான்று’ என்று அவர்களை அழைக்கின்றனர். ஆண்டுதோறும் பல நூறு பேர். அவர்களுள் வண்டி மிதித்து வந்தவரும் உண்டு, தொண்டராக நீர் ஊற்றியவரும் உண்டு. கோப்பையை உயர்த்தி ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வர். சென்ற ஆண்டு வந்து இவ்வாண்டு வராதவரையும் அங்கேதான் நினைப்பர்.

நிதியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். இதில் சேர விரும்புவோர் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தருவேன் என்று முன்னரே ஒப்புக்கொள்ள வேண்டும். குறுகிய வழிக்குத் தொகை குறைவு. இரண்டு நாள் வழிக்கு அது பல ஆயிரம் டாலர். குறித்த நாளுக்குள் திரட்ட இயலாவிடில் எஞ்சிய தொகை அவருடைய கடன் அட்டையிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். இது கடுமையான விதிதான். ஏழைத் தொழிலாளி ஒருவர் துணிந்து கையொப்பமிடுவது எளிதன்று. விலையுயர்ந்த வண்டிகளில் வரும் வசதி படைத்தோர் இக்கூட்டத்தில் மிகுதி என்பதும் உண்மையே. மைலுக்கு வழி பல வகுத்தவர்கள், பணத்திற்கும் அவ்வாறே இன்னும் சில குறுக்கு வழிகளை வகுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். வண்டி மிதிப்போர் திரட்டும் ஒவ்வொரு டாலரும் 2007 முதல் குறைவின்றி மருத்துவமனைக்கே செல்கிறது. உணவு, கூடாரம், அலுவலகம் ஆகியவற்றின் செலவைப் பதிவுக் கட்டணமும் புரவலர் நிறுவனங்களும் ஏற்றுக்கொள்கின்றன. கொட்டகைக்கும் மேளத்திற்கும் வசூலில் பாதி போய்விடும் நன்கொடை விழாக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிதாகவே படும். மேலும், பல ஆயிரம் டாலரை ஒருவர் தம் பையிலிருந்து எடுத்துத் தருவதில்லை. அண்டை வீட்டார், அலுவலகத் தோழர், தம் பிள்ளையின் ஆசிரியை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே சேர்க்கிறார். கேட்பது மிதிப்பதைவிடக் கடினமானது. நோன்புக் கால உண்டியலை ஏந்தி வீடுவீடாகச் சென்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மடக்கிய கரம்

வரைபடத்தில் காட் முனையைப் பார்த்தால், வலிமையைக் காட்ட முழங்கையை மடக்கி முட்டியை உயர்த்திய கரம்போல் இருக்கும். பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாளங்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுச்சென்ற மணலும் சரளையுமே அந்நிலம். பனிக்கட்டிகள் புதைந்து உருகிய பள்ளங்கள் இன்று நன்னீர்க் குளங்களாய் விளங்குகின்றன. 1602இல் அவ்வழி வந்த ஆங்கில மாலுமி கோஸ்னோல்டு, வலையில் மிகுதியாக அகப்பட்ட காட் மீனின் பெயரையே முனைக்கு இட்டார்.

கரத்தின் தோளிலே, 1914இல் வெட்டித் திறந்த கால்வாய் ஒன்று முனையை நிலத்திலிருந்து பிரிக்கிறது. முனையைச் சுற்றிச் சென்று மணல்திட்டுகளில் மோதி உடைந்த கப்பல்கள் எண்ணற்றவை. அந்தச் சுற்றைத் தவிர்க்கவே கால்வாய். அதன்மேல் 135 அடி உயரத்தில் வளைந்து நிற்கும் போர்ன் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. ஞாயிறன்று, கிழக்கு வெளுக்கும் முன்பே, மிதிவண்டிகள் அப்பாலத்தில் ஏறுகின்றன. கீழே ஓதநீர் விரைந்தோட, எதிரே வானம் சிவக்க, முந்தைய நாளின் வலியோடு முழங்கால்கள் முனகும் அவ்வேளையைப் பங்கேற்றோர் பலரும் மறவாது குறிப்பிடுகின்றனர்.

பின்னர்ச் சாண்ட்விச், பார்ன்ஸ்டபிள் ஆகிய ஊர்கள். பிரூஸ்டர் என்னும் ஊரில் சிறுவர் கோடை முகாம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. சாலையோரம் நீண்ட உயிர்வேலி. முகாமின் பிள்ளைகள் அவ்வேலிக்கு மேலாக ஏறி நின்று கூவி ஆர்ப்பரித்து, கடந்து செல்லும் ஒவ்வொருவரையும் வரவேற்பர். ‘வேலி’ என்ற பெயராலேயே அவ்விடம் பயணிகளிடையே புகழ்பெற்றிருந்தது. முகாம் மூடப்பட்டு, 2021இல் அந்நிலத்தை ஊராட்சியினரே விலைக்கு வாங்கிக்கொண்டனர்.

முழங்கை கடந்து வடக்கே திரும்பினால் நிலம் குறுகும். மரங்கள் குட்டையாகி, பைன் காடுகள் மணற்குன்றுகளுக்கு இடம்விடும். வெல்ஃபிளீட் என்னும் இடத்தில் கடலைப் பார்த்த செங்குத்தான மணல்மேட்டில்தான் மார்க்கோனி தம் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அமைத்தார். 1903 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இங்கிலாந்து மன்னருக்கு அனுப்பிய வாழ்த்து அங்கிருந்தே கடலைக் கடந்தது. அதே மார்க்கோனிதான் 1931இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதருக்காக வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் என்பதை நம் வாசகர் அறிவர். வெல்ஃபிளீட் நிலையம் நின்ற மேட்டின் பெரும்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. அக்கரை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றடி வீதம் தேய்ந்து வருகிறது. 1961இல் கென்னடி கையொப்பமிட்ட சட்டத்தால் கடற்கரையின் நெடும்பகுதி தேசியச் சொத்தாகக் காக்கப்படுகிறது. சட்டம் மனிதரைத் தடுக்கலாம்; அலையைத் தடுப்பதில்லை.

டுரூரோவின் மேடுபள்ளங்களில் இறுதியாக ஒருமுறை வருந்தி ஏறினால் தொலைவில் ஒரு கற்கோபுரம் தெரியும். பிராவின்ஸ்டவுன் வந்துவிட்டது. 252 அடி உயரமுள்ள அக்கருங்கல் கோபுரம் 1910இல் திறக்கப்பட்டது. மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேர், பிளிமத் செல்லுமுன் 1620 நவம்பரில் முதலில் காலூன்றியது இவ்வூரில் என்பதன் நினைவாக எழுந்தது. உரோமைத் திருச்சபையின் அணிகலன்கள் எவையும் வேண்டா என்று கடல் கடந்தவர்களுக்கு, புனித கத்தரீனம்மாள் பிறந்த இத்தாலியச் சியென்னா நகரத்துக் கோபுரத்தின் சாயலில் நினைவுச் சின்னம் அமைந்தது வரலாற்றின் வேடிக்கை.

அவ்வூரின் வரலாறு அவர்களோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து போர்த்துக்கேய மீனவர் வந்து குடியேறினர். முத்துக்குளித்துறையில் நம் முன்னோர் அறிந்த அதே போர்த்துக்கேய மரபு. ஆனால் இங்கே வந்தவர்கள் தூண்டிலும் வலையுமாக வந்த ஏழைகள். புனித இராயப்பரின் பெயரால் கோயில் கட்டினர். 1948 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாத இறுதியில் படகுகளுக்கு ஆசீர் வழங்கும் விழா நடந்துவருகிறது. தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் இத்தகைய காட்சியைக் கண்டவருக்கு அது அந்நியமாய்த் தோன்றாது. பழைய கோயில் 2005இல் தீக்கிரையாயிற்று. ஊரார் அதே இடத்தில் புதிதாக எழுப்பிக்கொண்டனர். மீன் குறைந்துவிட்டது, மீன்பிடி படகுகளும் குறைந்துவிட்டன. ஓவியரும் சுற்றுலாப் பயணிகளுமே இன்று அதன் தெருக்களை நிரப்புகின்றனர்.

ஞாயிறு முற்பகலிலிருந்து பிற்பகல் வரை மிதிவண்டிகள் அலையலையாக ஊருக்குள் வருகின்றன. குடும்பத்தார் தெருவோரம் காத்திருந்து அணைத்துக்கொள்வர். சிலர் நேரே கடலில் இறங்கிக் காலை நனைப்பர். குளித்து, உண்டு, சற்று உறங்கியபின், வண்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பலர் பாஸ்டன் செல்லும் கப்பலில் ஏறுகின்றனர். இரண்டு பகல் மிதித்துக் கடந்த நிலத்தை, வளைகுடாவின் குறுக்கே சில மணி நேரத்தில் கப்பல் கடந்துவிடும். மேல்தளத்தில் உட்கார்ந்தவாறே உறங்கிப்போனவர் பலர். அவர்கள் முதுகில் குத்திய படங்கள் மட்டும் கரையைப் பார்த்துக்கொண்டே வரும். மறுநாள் திங்கட்கிழமை, எல்லோரும் வேலைக்குச் செல்லவேண்டும். மருத்துவமனையில் அன்றும் காலையிலேயே குழந்தைகளுக்கு இரத்தப் பரிசோதனை தொடங்கிவிடும்.